நடக்கத் தெரிந்தவரின் சக்கர நாற்காலி

ஜெபகனி ஜான்ரோஸ், 1957–2024.

திட்டுவிளையில் பிறந்து, அவ்வூரிலேயே வாழ்ந்து, அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பணியில் இருந்தார். தெரிசனங்கோப்பு, கடுக்கரை, அழகியபாண்டியபுரம் ஆகிய ஊர்களில் இன்று குடும்பம் நடத்துகிறவர்களுள் பெரும்பாலோருக்கு முதல் ஊசி போட்டவர் அவரே. பேருந்து போகாத வீடுகளுக்கு வயல் வரப்பு வழியாக நடந்தே போவார். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார். உடன் செல்லும் பெண்கள், "சிஸ்டரே, கொஞ்சம் மெதுவாப் போவும்" என்று பின்னாலிருந்து கத்துவதுண்டு. ஓய்வு பெற்ற பின்பும் அந்த நடை தளரவில்லை.

கணவர் ஜான்ரோஸ் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து, ஜெபகனி ஓய்வு பெறுவதற்கு முன்பே காலமானார். மகன் ஷாஜன் நாகர்கோவிலில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். மகள் பெமிலா தாயைப் போலவே செவிலியராகி, கணவர் ஜெனித்துடன் இங்கிலாந்தில் வேலையில் இருந்தாள். 2023ஆம் ஆண்டு பெமிலாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஜூன் மாதம், மருத்துவர்கள் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதாக ஜெனித் தொலைபேசியில் சொன்னார். ஜூலையில் ஜெபகனிக்கு விசா கிடைத்தது. ஷாஜன் அன்றே பயணச்சீட்டுக்கு ஏற்பாடு செய்தான். திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா நகரம் ஒன்றுக்குச் சென்று, அங்கே விமானம் மாற வேண்டும்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களில், பெற்றோரின் கால்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பயணச்சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிந்துவிடுவார்கள். நடக்க முடியாமை அதற்குக் காரணமன்று. பெரிய விமான நிலையத்தில் வழி தெரியாது, ஆங்கிலம் போதாது, யாரேனும் ஒருவர் தள்ளிக்கொண்டுபோய் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டால் போதும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது "டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்பவர்கள் அடுத்ததாக "வீல்சேர் போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். இதில் பிழை இருப்பதாக யாரும் எண்ணியதில்லை.

"எனக்கு என்னதுக்கு வீல்சேர்? எனக்க காலு நல்லாத்தானே இருக்கு?" என்றார் ஜெபகனி.

அடுத்த வீட்டு ராகேல் கனடாவுக்குப் போய் வந்தவர். "ஏட்டி, சும்மா இரி. நான் எனக்க மவ வீட்டுக்கு ராணி மாதிரியில்லா போனேன். ஒருத்தன் தள்ளுகான், ஒருத்தன் பையை எடுக்கான். நீ ஊர்ல உள்ள பிள்ளைத்தாச்சியளை எல்லாம் ஆசுபத்திரியில வச்சுத் தள்ளினேல்லா? ஒரு நாளு உன்னையும் எவனாவது தள்ளட்டும்."

ஷாஜன் சிரிக்கவில்லை. "அம்மா, அது காலுக்கு இல்ல, வழிக்கு. அந்த ஏர்போர்ட்டு நம்ம டவுனை விடப் பெருசு. நடுவுல ரெண்டு மணிக்கூர்தான் இருக்கு. நீங்க அந்தச் சேர்ல இருந்து எழும்பப்பிடாது, கேட்டியளா? எழும்பி நடக்கியதைக் கண்டா, ஏமாத்துதாவன்னு சேரை எடுத்துருவாவ. அப்புறம் ஒருத்தனும் என்ன ஏதுன்னு கேக்கமாட்டான்."

"சரி மக்களே" என்றார். மகனானாலும் மகளானாலும், ஒருவரை அழைத்தாலும், அவருக்கு "மக்களே"தான்.

அப்படி ஒரு விதி எங்கும் இருந்ததாகத் தெரியவில்லை. யாரோ சொல்லி, யாரோ கேட்டு, அவனிடம் வந்து சேர்ந்த செய்தி அது.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுவதற்கு முன் பெமிலாவிடமிருந்து அழைப்பு வந்தது. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "அம்மா, வாறியா?"

"வந்துட்டே இருக்கேன் மக்களே."

"வந்து எனக்க தலையைத் தடவித் தந்தாப் போதும். முடியொண்ணும் இல்ல, பாத்துப் பயப்படாத."

வளைகுடா நகரில் விமானத்தின் வாசலிலேயே சக்கர நாற்காலி காத்திருந்தது. இளைஞன் ஒருவன் அவரை அமர்த்தி, மின்தூக்கியில் ஏற்றி இறக்கி, நீண்ட நடைகூடங்களைக் கடந்து, கண்ணாடிச் சுவர்கள் சூழ்ந்த ஒரு பெரிய கூடத்துக்குக் கொண்டுவந்தான். கையிலிருந்த சிறிய கருவியை அவருடைய சீட்டின் மேல் காட்டினான். அது ஒலித்தது. "சிட், மதர். அனதர் பர்சன் கமிங்" என்று சொல்லி, நாற்காலியை வரிசையில் நிறுத்திவிட்டு, அடுத்த விமானத்துக்கு ஓடினான். வந்த விமானத்திலிருந்து கூடம் வரை கொண்டுவருவது ஒரு பிரிவினரின் வேலை. கூடத்திலிருந்து போகும் விமானத்துக்குக் கொண்டுசெல்வது வேறொரு பிரிவினரின் வேலை.

கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். அமர்ந்திருந்தவர்களில் பலர் நம் நாட்டுத் தாய்மார்கள், தகப்பன்மார்கள். ஒரு பெண்மணியின் மூக்குக்கண்ணாடி சற்றுத் தள்ளி விழுந்தது. அவர் இரு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டென்று எழுந்து எடுத்துக்கொண்டு, அதே வேகத்தில் வந்து அமர்ந்துகொண்டார். அவருக்கு அருகே, பக்கவாதத்தால் ஒருபுறம் சாய்ந்த முதியவர் ஒருவர் இருந்தார். இவர்களில் யாரால் நடக்க முடியும், யாரால் முடியாது என்று பிரித்தறிய அங்கே வழி இல்லை. எல்லாரும் வரிசைப்படி காத்திருந்தார்கள். நாற்காலிகளுக்குக் குறைவில்லை, தள்ளுவதற்கு ஆட்கள் போதவில்லை.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், விமானம் ஏறும் வாயில்களின் எண்களைக் காட்டும் பலகை தொங்கியது. ஜெபகனியின் சீட்டில் இருந்த எண் அதில் இருந்தது, அம்புக்குறியும் இருந்தது. கூப்பிடு தூரம் என்று அவர் பின்னாளில் சொன்னார். கையை உயர்த்தினார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் புன்னகையுடன், "ப்ளீஸ் பி சீட்டட், மேடம். சம்படி வில் கம்" என்றாள். ஜெபகனி தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "மை டாட்டர் சீரியஸ். ஹாஸ்பிட்டல்" என்றார். "ஐ அண்டர்ஸ்டாண்ட், மேடம். ப்ளீஸ் பி சீட்டட்." மீண்டும் கேட்டபோதும் அதே சொற்கள், அதே புன்னகை. மேசையின் மேல் ஒரு சிறிய திரை இருந்தது. சிரிக்கும் முகம் முதல் சுளிக்கும் முகம் வரை வரைந்து, எங்கள் சேவை எப்படி இருந்தது என்று அது கேட்டுக்கொண்டிருந்தது.

ஒருமுறை இரண்டு கால்களையும் தரையில் ஊன்றினார். மகன் சொன்னது நினைவுக்கு வந்தது. எழுந்தால் நாற்காலி போய்விடும்; நாற்காலி போனால் இந்தப் பரப்பில் தம்மை யாரும் கவனிக்கமாட்டார்கள்; பெமிலாவிடம் போய்ச் சேர முடியாது. கால்களை மீண்டும் நாற்காலியின் மிதிபலகையில் வைத்துக்கொண்டார்.

பலகையில் அவருடைய விமானத்தின் எதிரே சிவப்பு எழுத்துகள் தோன்றியபோது, அவர் எழுந்துவிட்டார். முதலில் நடந்தார், பிறகு ஓடினார். யாரும் தடுக்கவில்லை, யாரும் பார்க்கவுமில்லை. வாயிலின் கதவு சாத்தப்பட்டிருந்தது. கண்ணாடி வழியே விமானம் தெரிந்தது. அது இன்னும் நகரவில்லை. அங்கிருந்த அலுவலர் சீட்டை வாங்கிப் பார்த்தார். சக்கர நாற்காலிப் பயணி என்று அதில் இருந்தது. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்களால் நடக்க முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யெஸ்" என்றார் ஜெபகனி.

அப்படியானால் ஏன் முன்னமே வரவில்லை என்று அவர் கேட்டார்.

மாற்றுச் சீட்டுக்கான வரிசை நீளமாக இருந்தது. அவருடைய முறை வந்தபோது, மேசையில் இருந்தவன் கொல்லத்துக்காரனான சிஜின் என்னும் இளைஞன். ஜெபகனி அழுததைப் பார்த்து மலையாளத்தில் பேசினான். "அம்மச்சி, இனி நாளெ ராவிலெயே உள்ளூ. ஞான் எந்து செய்யான்?" மறுநாள் காலை வரை வேறு விமானம் இல்லை. உணவுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தான். பிறகு தன் கைப்பேசியையும் கொடுத்தான். நாற்காலியை விட்டு எழுந்தது முதல் அவரிடம் பரிவாகப் பேசியவன் அவன் ஒருவன்தான்.

ஷாஜன் செய்தியைக் கேட்டதும் கத்திவிட்டான். "வாசலு கண்ணுக்கு முன்னால இருந்துன்னு சொல்லுதியளே! எழும்பி நடந்திருக்கலாமேம்மா!"

"நீதானே மக்களே எழும்பப்பிடாதுன்னு சொன்னே."

குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. ஆயினும் ஷாஜன் அதற்குப் பிறகு மறுநாள் விமானத்தின் நேரத்தை மட்டும் கேட்டுக்கொண்டான்.

பெமிலா அன்று மாலையே இறந்தாள். மறுநாள் இங்கிலாந்தில் இறங்கியபோது ஜெனித் நின்றிருந்த விதத்திலேயே ஜெபகனி புரிந்துகொண்டார். மருத்துவமனையின் குளிர்ந்த அறை ஒன்றில் மகளின் தலையைத் தடவினார். ஜெனித் அழைத்தும் நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

ஊர் திரும்பிய பின் ஷாஜன் விமான நிறுவனத்துக்குப் புகார் எழுதினான். பதில் வந்தது. பயணி உரிய நேரத்தில் கூடத்தில் ஒப்படைக்கப்பட்டார். எனவே முதற் பிரிவின் சேவை நிறைவுற்றது. உதவியாளர் வருவதற்கு முன் பயணி தாமாகவே எழுந்து நடந்து சென்றுவிட்டார். எனவே இரண்டாம் பிரிவு சேவை அளிக்க இயலவில்லை. நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஷாஜன் மறுபடியும் எழுதினான். ஒவ்வொரு முறையும் வேறொருவர் பெயரில் அதே பதில் வந்தது. கடையைக் கவனிப்பதை விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருந்தான்.

"போதும்லே. விட்டுரு" என்றார் தாய் ஒருநாள்.

"நான் யாருக்காக எழுதுகேன்னு நினைக்கியளோ?"

"உனக்காகத்தான் மக்களே."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். தவறு இன்னாருடையது என்று அவர்கள் ஒரு வரி எழுதிவிட்டால், அது தன்னுடையது அன்று என்று ஆகிவிடும் என அவன் நம்பினான். தாயும் அதை அறிந்திருந்தார். மகனைத் தேற்றும் சொல் ஒன்றைச் சொல்ல அவர் பலமுறை முயன்றும் அது வாயில் வரவில்லை. இருவரும் ஒரே வீட்டில் உணவு, மருந்து, மின்கட்டணம் ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேசி வாழ்ந்தார்கள்.

2024ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஜெபகனியின் இதயம் தளர்ந்தது. படுக்கையிலேயே இருந்தார். அப்போதுதான் விமான நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தமிழில் பேசினாள். ஷாஜன் இருவருக்கும் கேட்கும்படி கைப்பேசியைக் கட்டிலின் மேல் வைத்தான்.

"சார், உங்க கம்ப்ளெயிண்ட் ரொம்ப நாளா ஓப்பன்ல இருக்கு. பயணி சம்மதிச்சா க்ளோஸ் பண்ணிடலாம்."

"யாருக்க தப்புன்னு ஒரு வரி எழுதித் தாங்க. பிறகு அடையுங்க."

"அது என்னால முடியாது சார். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது."

"அப்ப எதுக்கு விளிச்சீங்க?" ஷாஜனின் குரல் உயர்ந்தது. ஜெபகனி கையை நீட்டிக் கைப்பேசியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மக்களே, நான்தான் அந்தப் பயணி. நீ எந்த ஊரு?"

"மதுரைப் பக்கம்மா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

"அதை அடைச்சிரு மக்களே. இனி இங்க இருந்து ஆரும் கேக்கமாட்டாவ."

"அம்மா, வேண்டாம்" என்றான் ஷாஜன். அவர் கைப்பேசியை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது 2024 டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை. அன்றிரவே அவர் காலமானார்.