அப்பாவின் சாயல்

லூர்து மேரி அப்படியே அவள் அப்பாவை உரித்து வைத்தவள். அதே சப்பை மூக்கு, அதே கோணல் நடை. சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிறுவயதில் அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. அறுபது வயதில் அப்பா சொந்த வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு லயத்து வீட்டு வரிசையில் அலைந்தபோது அந்தப் பெருமை போய்விட்டது. பிறகு பெரியண்ணன் இஞ்ஞாசிமுத்துவும் அதே வயதில் அதே பாதையில் போனார். சின்னண்ணன் பெர்னார்ட் மட்டும் அறுபதைத் தாண்டியும் மெர்கோங்கில் கடை நடத்திக்கொண்டு, பழைய சண்டை ஒன்றையும் விடாமல் நினைவில் வைத்து எல்லாரையும் வதைத்துக்கொண்டிருந்தார்.

மூவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். தனக்கு எது வாய்த்திருக்கிறது, பெரியண்ணனுடையதா, சின்னண்ணனுடையதா? 1981இல் அவளுக்கு ஐம்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. உப்பு டின் எங்கே என்று ஒரு நொடி தடுமாறினாலும், எது எங்கே இருக்கிறதென்று அடுப்படி முழுவதையும் மனசுக்குள் ஒப்பித்துப் பார்ப்பாள்.

சுங்கைப் பட்டாணிக்குப் போய் டாக்டர் மனோகரனிடமே கேட்டுவிட்டாள்.

"அப்பா மூக்கு வந்துருச்சு. மூளையும் அப்படியே வந்துருமா டாக்டர்?"

"ரெண்டும் ஒரே மூட்டையில வர்றதில்லம்மா. நோய்நொடி இல்லாதவங்கள்லயே வயசானா ஒருத்தருக்குப் புத்தி அப்படியே நிக்கும், ஒருத்தருக்குக் கொஞ்சம் மங்கும். அதுல பரம்பரைக்கும் பங்கு இருக்கு. ஆனா அப்பாகிட்டேருந்து உங்களுக்கு வந்தது பாதிதான். எந்தப் பாதின்னு பாத்துச் சொல்ல என்கிட்ட மெஷின் இல்லலா."

இவ்வளவு படித்தும் இதைச் சொல்லத்தானா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. தன்னைச் சோதித்துக்கொள்ள அவளிடம் வேறு வழி இருந்தது.

தோட்டத்துக் கல்லறையில் பெரும்பாலும் மரச்சிலுவைகள்தான். கறையான் யார் பெயரென்று பார்த்தா தின்கிறது? சில வருஷத்தில் சிலுவை போய் வெறும் மண்மேடு மிஞ்சும். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு டவுனிலிருந்து வருகிறவர்கள் பூவும் மெழுகுவர்த்தியுமாக லூர்து மேரியைத்தான் தேடுவார்கள். "அக்கா, எங்க அப்பா எது?" என்பார்கள். அவள் யோசிக்காமல் கை நீட்டுவாள். அங்கே உட்கார்ந்து அழுவார்கள். கை தயங்காதவரை தன் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவள் தைரியமாக இருந்தாள்.

அந்த வருஷம் டவுனிலிருந்து கேதரின் வழக்கம்போல வந்து, லூர்து மேரி காட்டிய இடத்தில் தன் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே தோட்டத்தில் வளர்ந்து, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்ப் பல வருஷம் தலைகாட்டாத மோரிஸ் அங்கே வந்து நின்றான்.

"இது எங்க அப்பா இடமாச்சே," என்றான்.

கேதரின் முறைத்தாள். மோரிஸ் குனிந்து கால்மாட்டில் ஒரு குச்சியால் கிளறினான். மரம் சீவும் கத்தி ஒன்று துருவேறி வெளியே வந்தது. அடக்கத்தன்று அவனே புதைத்த அப்பாவின் கத்தி. பிடியில் அவர் சுற்றிய செம்புக் கம்பி இன்னும் இருந்தது.

லூர்து மேரி அந்தக் கத்தியையே பார்த்தாள். அப்பாவுக்கு வந்தது, பெரியண்ணனுக்கு வந்தது, இதோ தனக்கும் வந்துவிட்டது. அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா இது!" கேதரினின் குரல் எகிறியது. "சிலுவை விழுந்த வருஷம் நீங்கதானே இந்த இடத்தக் காட்டுனீங்க? அப்பலேருந்து வருஷா வருஷம் இதத்தானே காட்டுறீங்க? இத்தன காலமா யாரோ ஒருத்தருக்கு அழுதிருக்கேன்!"

லூர்து மேரி நிமிர்ந்தாள். "மொத தடவையே இதத்தான் காட்டுனேனா?"

"இதேதான்!"

"ஒரு வருஷம்கூட மாத்திக் காட்டல?"

"இல்லன்னுதானே சொல்றேன்!"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. மறக்கவில்லை! ஆரம்பத்தில் தப்பாக மனசில் பதிந்ததை இத்தனை வருஷமாகப் பிசகாமல் சொல்லி வந்திருக்கிறாள். கல்லறையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தவளைப் பார்த்து, அண்ணனுக்கு வந்தது இவளுக்கும் வந்துவிட்டது என்று மோரிஸ் பயந்தே போனான்.

"அப்ப எங்க அப்பா எங்கக்கா?" என்றாள் கேதரின், உடைந்துபோய்.

சிரிப்பு நின்றது. இந்தப் பிள்ளை அழும்போது சிரித்தோமே என்று லூர்து மேரிக்கு வெட்கமாக இருந்தது. வரிசையாகக் கிடந்த மேடுகளைப் பார்த்தாள். எழுந்து கேதரினின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா வழி தவறிய நாளிலிருந்து மனிதர் முன்னால் சொல்லவே பயந்த வார்த்தையை, குரல் நடுங்காமல் சொன்னாள்.

"தெரியலம்மா."