பட்டியலில் இல்லாத அண்ணன்

அலுவலக வேலையாகச் சீனா போய்வந்த என் மகள், ஒரு காலணியை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தனியாகத்தான் போய்வந்தாள், நான் தடுக்கவில்லை. ஒற்றைக் காலணி, சிவப்புப் பட்டு, என் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. குழந்தைக்கானது என்று எண்ணிவிடாதீர்கள். சிறு வயதிலேயே பாதங்களைத் துணியால் இறுகக் கட்டி வளர்க்கப்பட்ட அக்காலத்துப் பெண்கள் அணிந்ததன் மாதிரியாம். பட்டில் பாச்சை உருண்டை வாசம் அடிக்கிறது.

என் புத்தக அலமாரிக்கும் ஒரு காலத்தில் அதே வாசம்தான். அப்போது இராஜபாளையத்தில் நான் வரலாற்று விரிவுரையாளன். சென்னைக்கு வடக்கே காலடி வைக்காதவன், சீனத்தை மணிக்கணக்கில் விளக்கினேன். பாடத்தை முதல்நாள் வீட்டில் உரக்கச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். கேட்க ஒரே ஆள், தங்கை சரோஜா. பள்ளிப்படிப்பை முடித்திருந்தாள், அப்பா காலமான பின் என் பொறுப்பு. நிலைப்படியில் அமர்ந்து, புளிக்குக் கொட்டை எடுத்தபடி கேட்பாள்.

"காலைக் கட்டிப்போட்டா எப்படிண்ணே கடைக்குப் போவாவ?"

"பெரிய வீட்டுப் பொம்பளைக எதுக்குட்டி கடைக்குப் போகணும்?"

"அப்ப நம்ம வீடு மாதிரின்னு சொல்லு. நமக்குக் கட்டுத்துணி மிச்சம்."

மறுநாள் பாடம், பெண் யாருக்கு அடங்கவேண்டும் என்பது. பிறந்த வீட்டில் தந்தைக்கு, புகுந்த வீட்டில் கணவனுக்கு, அவன் போனபின் மகனுக்கு. பழைய சீனத்து நெறி அது. சொல்லி முடித்தேன். அவள் புளிக்கையைத் துடைத்துக்கொண்டு ஒரு விண்ணப்பத்தை நீட்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியப் பயிற்சி. பாதுகாவலர் கையொப்பமிடும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"ஒன் பட்டியல்ல அண்ணனே இல்லையேண்ணே! சீனாவுல பொறந்திருந்தா இந்நேரம் பஸ் ஏறியிருப்பேன்."

என் மாணவர் எவரும் என்னை அப்படி மடக்கியதில்லை. ஆயினும் நான் சிரிக்கவில்லை. தினமும் பேருந்தில் தனியே போய்வரும் பெண்ணைப் பற்றி, பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் உட்காரும் எங்கள் உறவினர் என்ன பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"குடு, பாக்கேன்" என்று வாங்கி, அந்தச் சீன வரலாற்றுப் புத்தகத்துக்குள்ளேயே வைத்தேன். கடைசித் தேதி கடக்கும்வரை அதைத் திறக்கவில்லை, பாடம்தான் மனப்பாடமாயிற்றே. குடும்ப மரியாதையைக் காத்ததாக வெகுகாலம் சொல்லிவந்தேன். இப்போது அதைச் சொல்லவும் அலுப்பாக இருக்கிறது.

சரோஜா மறுபடி கேட்கவில்லை. அடுத்த ஆண்டு சேத்தூரில் மணமுடித்துக் கொடுத்தோம்.

நேற்று வந்திருந்தாள். கணவர் போய் மூன்றாண்டு ஆகிறது. காலணியைக் கையில் கொடுத்தேன். விரல்களால் அளந்தாள். ஏதேனும் கேட்பாள் என்று காத்திருந்தேன். ஒரு பதில்கூட வைத்திருந்தேன்.

"தையல் நெருக்கமா இருக்கு" என்றாள். பின் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"செத்த நேரம் இரேன்."

"இல்லண்ணே, வாரேன். சொன்ன நேரத்துக்குப் போகலன்னா மவன் ஏசுவான்."

அலமாரியைக் கரையான் தின்று வெகுகாலமாயிற்று. புத்தகம் இல்லை, அதனுள் இருந்த தாளும் இல்லை. புளிக்கையோடு என்னை மடக்கிய அந்தப் பெண்ணும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இப்போது பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து.