பதனமாக வைத்த வைஃபை

காலை ஒன்பது ஐம்பது. கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு கை. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துப் பாறையின் மேல், மார்கழிப் பனிக்குள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த கை. பனி கொஞ்சம் விலகியதும் கைக்குச் சொந்தக்காரி தெரிந்தாள். வீட்டுக்காரரின் மகள். இஸ்திரி போட்ட நீலச் சுடிதார், காலில் அம்மாவின் ரப்பர் செருப்பு.

கொல்லிமலையின் குண்டனி நாட்டில் அவர்கள் வீட்டின் பின்பகுதியில் நான் குடிவந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மகள் நர்சிங் முடித்தவள். அன்று பதினொரு மணிக்குக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்று அவளை வீடியோவில் நேர்காணல் செய்வதாக இருந்தது. அதற்கு முன் இரண்டு இடங்களில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஆஸ்பத்திரியின் கடிதத்தில், குறித்த நேரத்துக்கு வராதவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லை என்று ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது.

வீட்டில் டவர் கிடையாது. மேட்டுத் தோட்டத்துக்கு ஏறினால் பேசலாம், வீடியோ ஓடாது. இரண்டு மாதத்துக்கு முன் கேபிள் இழுத்து வைஃபை வாங்கியதே அதனால்தான். அவள் அப்பா மிளகு மூட்டையோடு பைக்கை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார். டவர் நன்றாகக் கிடைக்கும் இடத்துக்கு நடந்தால் ஒன்றரை மணி நேரம்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் வைஃபை நல்லாத்தான் எடுத்துச்சுங்க சார். இப்ப ஒரு கோடு காட்டுது, அப்பறம் அதுவும் போயிருது."

பத்திரிகையில் வேலை பார்த்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை. நான் அதைத் திருத்தியதில்லை. போனை வாங்கி ஏரோப்ளேன் மோடில் போட்டு எடுத்தேன். அணைத்துப் போட்டேன். கவரைக் கழற்றி, தேவையில்லாமல் துடைத்து, மாட்டினேன்.

"தொடச்சா வருங்களா சார்?"

"சில சமயம் வரும்."

"ஊசி போடறதுக்கு முன்னாடி நாங்களும் அப்படித்தான் தொடைப்போம்."

அடுத்து செட்டிங்கில் 'இந்த நெட்வொர்க்கை மறந்துவிடு' என்ற இடத்தைத் தொட்டேன். மறந்துவிட்டது. திரும்பச் சேர பாஸ்வேர்டு கேட்டது. அது அவளுக்கும் ஞாபகம் இல்லை. வைஃபை பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் என்றாள். மணி பத்து இருபது.

முன்னறைக்குப் போனோம். சுவரில் இரண்டு ஆணி இருந்தது. பெட்டி இல்லை. அரை மணி நேரமாக இருவரும் போனைத்தான் பார்த்தோம், சுவரைப் பார்க்கவில்லை.

டீயோடு வந்த அம்மாவிடம் மகள் கேட்டாள். "அம்மா, பொட்டி எங்க?"

"பதனமா வெச்சிருக்கறேன் கண்ணு."

"எங்க?"

"அடுப்புக்கு மேல."

கொல்லிமலையில் விதை கெட்டுப்போகக் கூடாது என்றால் அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள். புகையும் சூடும் பட்டால் ஈரம் அண்டாது, பூச்சி வராது. மார்கழி வந்தால் விதை மட்டுமில்லை, ரேஷன் கார்டு, தீப்பெட்டி, பள்ளிச் சான்றிதழ் எல்லாமே அங்கே ஏறிவிடும். முதல் நாள் சாயங்காலம் சுவரில் தண்ணீர் கோத்திருப்பதை அம்மா பார்த்திருக்கிறார். மறுநாள் இன்டர்வியூ. ராகி விதை வைக்கும் தகர டின்னில் ஓட்டை போட்டு, கேபிள்காரர்கள் சுருட்டி விட்டுப்போன மிச்ச ஒயரை உள்ளே விட்டு, கரண்டு ஒயரை மிக்ஸி பிளக்கில் சொருகி, பெட்டியை உள்ளே வைத்து இறுக்க மூடிவிட்டார்.

"லைட்டு பச்சையா எரிஞ்சுதுங்க சார். பாத்துட்டுத்தான் மூடுனேன்."

"தகரத்துக்குள்ள இருந்தா வெளியே வராதும்மா," என்றேன்.

"எதுங்க?"

மகள் சொன்னாள்: "அம்மா, அதென்ன வெதை ராகியா, மொளைக்க வெக்கறதுக்கு?"

"உனக்காவத்தான சாமி வெச்சேன்."

மகள் ஸ்டூல் போட்டு ஏறி டின்னை இறக்கினாள். பெட்டி இட்லிக் கொப்பரை போலச் சுட்டது. கவிழ்த்தபோது காற்றுப் போகும் துவாரங்களிலிருந்து ஐந்தாறு ராகி உதிர்ந்தது. ஆறட்டும் என்று பிளக்கைப் பிடுங்கினேன். அம்மா முறத்தால் விசிறினார். பத்து நாற்பத்தெட்டுக்கு மறுபடி சொருகினோம். விளக்கு ஒவ்வொன்றாக வந்தது. பாஸ்வேர்டை மகள் படிக்க, நான் அடித்தேன். முதல் தடவை தப்பாக அடித்தேன்.

ஒயரைத் திரும்ப முன்னறைக்கு இழுக்க நேரமில்லை. நேர்காணல் சமையலறையிலேயே நடந்தது. கரி பிடித்த சுவர் தெரியாமல் இருக்க என் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டோம். அம்மாவும் நானும் கேமராவில் படாமல் விறகுப் பக்கம் உட்கார்ந்தோம்.

சரியாகப் பதினொரு மணிக்குத் திரையில் மூன்று பேர் வந்தார்கள். நைட் டியூட்டி பார்ப்பீர்களா என்று கேட்டார்கள். பார்ப்பேன் என்றாள். பாம்புக்கடிக்கு முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, அவள் தயங்காமல் சொன்ன பதிலில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அடுத்த கேள்வியின் நடுவில் மூன்று பேரும் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுபோனார்கள். எங்கள் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அம்மா என் காதருகே குனிந்தார். "அவிங்களும் எங்கயோ மூடி வெச்சிருக்காங்களாட்டம் இருக்குதுங்க."

ஒரு நிமிடத்தில் அவர்கள் மீண்டும் அசைந்தார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கேள்வியை முதலிலிருந்து கேட்டார்கள்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. விண்ணப்பத்தில் மகள் கொடுத்திருந்தது அம்மாவின் பட்டன் போன் நம்பர். அம்மா அப்போது மேட்டுத் தோட்டத்தில், சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணியில் மிளகு பறித்துக்கொண்டிருந்தார். ஏணியில் நின்றபடியே பேசி முடித்தார். அடுத்த மாதம் முதல் தேதி வேலையில் சேரச் சொன்னார்கள்.