வாசல் கான்கிரீட்டில் ஒரு சதுரம்

எங்கள் அப்பா, தான் போட்ட கான்கிரீட்டைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டவர். கேட்டிலிருந்து போர்டிகோ வரை கார் வந்து நிற்கும் தடம் அது. நான் பிறப்பதற்கு முன்பே போட்டது; ஒரு விரிசல் கிடையாது. லோடு லாரி ஏறினாலும் தாங்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். ஆயில் சொட்டும் என்பதால் மாமாவின் பைக்குக்கு எங்கள் கேட்டுக்குள் இடமே கிடையாது.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தக்கால் நட வேண்டிய ஈசானிய மூலையோ அந்தக் கான்கிரீட்டுக்கு அடியில் இருந்தது. அப்பாவின் மனதறிந்து அம்மாதான் பேச்செடுத்தார். “டின்னுல மண்ணக் கொட்டி நட்டுக்கலாமுங்க. இப்பெல்லாம் எல்லாரு ஊட்லயும் அப்படித்தானுங்க.”

அப்பா குனிந்து கான்கிரீட்டைக் கையால் ஒருமுறை தடவினார். “எம்பட புள்ளைக்கு முகூர்த்தக்கால் மண்ணுலதான் நிக்கோணும்” என்றார்.

மறுநாள் கான்கிரீட் அறுக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தார். ஆள் வைக்கவில்லை. சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டுத் தானே அறுத்தார். தூசி பறக்காமல் இருக்க அக்கா ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டாள். கல்யாணப் பெண் முகமெல்லாம் சிமென்ட் தண்ணீர் தெறிக்க நிற்பதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நானோ காம்பவுண்டுச் சுவர்மேல் உட்கார்ந்து, தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். வேறு எந்த வீட்டு அப்பாவுக்கு இது வரும்?

துண்டு உடையாமல் முழுசாக வந்தது. அடியில் செம்மண் ஈரமாக இருந்தது. முகூர்த்தக்காலாக நட்ட ஆலங்கிளை அதில் ஜம்மென்று நின்றது.

கல்யாணம் முடிந்து அக்கா ஈரோட்டுக்குப் போனாள். ஒரு நாள் பெரியப்பா வந்து, “ஒரு சட்டி கலவை போட்டுப் பூசிப்போடு தம்பி” என்றார். “இருக்கட்டுங்கண்ணா” என்ற அப்பா, அறுத்தெடுத்த துண்டில் இரண்டு இரும்பு வளையங்களைப் பதித்து, அதே இடத்தில் மூடி போல இறக்கினார். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. தன் கைநேர்த்தியை ஊருக்குக் காட்டத்தான் பூசாமல் விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்திலும் அப்படியே சொல்லி அலட்டிக்கொண்டேன். வளையத்தில் கால் தடுக்கிய மாமா முணுமுணுத்தபோது அவரோடு சண்டைக்கே போனேன்.

அந்த வீட்டில் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண் இன்னொருத்தி இருக்கிறாள் என்பதும், அவள் நான்தான் என்பதும் எனக்கு அப்போது தோன்றவே இல்லை.