கதவைப் பிடித்த நான்கு விரல்கள்

விண்கலத்தின் தலைவர் ஜன்னலை விட்டுத் திரும்பினால் போதும், வில்ஃப் என்ட்விசில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். அடுத்தது அவருடைய காட்சி. "வலப்பக்கம் பாரு, கீழே, கீழே!" என்று பக்கத்தில் இருப்பவரின் தொடையில் தட்டுவார். கறுப்பு வெள்ளைத் திரையில் விண்கலக் கதவு லேசாக ஆடும். அதன் விளிம்பில் நான்கு விரல்கள் முளைத்துக் கதவை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரு நகம் மட்டும் கறுத்திருக்கும். "சுத்தியல் அடி. முந்தின நாள் வாங்கினது," என்பார், பதக்கம் வாங்கியதைச் சொல்வதுபோல.

'தொலைவானத் தோணி' என்ற பழைய தொலைக்காட்சித் தொடரின் முதல் பாகத்தை ஆண்டுதோறும் நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரிலுள்ள தன் வீட்டில் அவர் பார்த்தாக வேண்டும். முதல் பாகம் மட்டும்தான். அந்தத் தோணி எங்கே போய்ச் சேர்ந்தது, உயிரோடு திரும்பியவர் யார் என்று கேட்டால் கையை விரிப்பார். "அதுலெல்லாம் நான் இல்லியே. எதுக்குப் பாக்கணும்?"

அவர் படப்பிடிப்புக்கூடத்துத் தச்சர். ஒட்டுப்பலகையில் விண்கலம் கட்டி, வெள்ளி வர்ணம் அடித்து, கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்க மறந்துபோனார். அந்தக் காலத்தில் டேப்பை வெட்டி ஒட்டுவது பெரும்பாடு. இரவு பத்து அடித்தால் யார் தலைபோனாலும் விளக்கை அணைத்துவிடுவார்கள்; காட்சியை மறுபடி எடுக்க வழியில்லை. பத்து அடிக்கப்போகும் நேரத்தில் தலைவர் பூமிக்கு விடைகொடுத்து உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்க, கதவு மெல்லத் திறக்கத் தொடங்கியது. திறந்தால் தெரியப்போவது அண்டவெளி அல்ல, தேநீர் வண்டி. இளைஞன் வில்ஃப் தரையோடு தரையாக ஊர்ந்து போய்ப் பிடித்த பிடிதான் அது.

ஒளிபரப்பானபோது நாடே அதைப் பார்த்தது. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? தோணியில் ஒளிந்துவந்த வேற்றுக்கிரகவாசியின் கை என்றார்கள். கறுத்த நகம்தான் அத்தாட்சி! தெருக்கோடித் தபால்காரர் நைஜலும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நம்பிவந்தார். கை வில்ஃபுடையது என்று தெரிந்ததும் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு ஆண்டு தவறாமல் பார்க்க வந்துவிடுகிறார்.

வில்ஃபின் மனைவி கிளெனிஸுக்கு இதில் ஒரு தீராத குறை. "ஊரு உலகத்துக்கே கதவு பிடிச்சவரு! என் சமையக்கட்டு அலமாரிக் கதவு மூணு வருஷமாத் தொங்குது."

"கேமராவைக் கொண்டா கண்ணு, இப்பவே பிடிக்கிறேன்."

இந்த ஆண்டு பழைய டேப் கருவி உயிரை விட்டுவிட்டது. அந்தத் தொடரின் புதுக் குறுந்தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு நைஜல் மழையில் நனைந்தபடி வந்தார். வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"வில்ஃப், ஒண்ணு சொல்லணும். படத்தைப் புதுசாச் சுத்தம் பண்ணியிருக்காங்க. கீறல், புள்ளி எல்லாம் போச்சு." குறுந்தட்டு உறையின் ஈரத்தைத் துடைத்தார். "விரலும் போச்சுங்க. துடைச்சிட்டாங்க."

வில்ஃபின் முகம் சுருங்கிவிட்டது. நடிகர் பட்டியலில் அவர் பெயர் எங்கும் கிடையாது. அவர் அங்கே இருந்தார் என்பதற்கு அந்த நான்கு விரல்களைத் தவிர வேறு சாட்சி ஏது? பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று கிளெனிஸ் பயந்தார். பார்க்கின் என்னும் இஞ்சிக் கேக்கை வெட்டி முதல் துண்டை அவர் மடியில் வைத்தார். "சாப்பிடு. நீ கதவைப் புடிக்காம அவங்க படம் என்ன ஆகுதுன்னுதான் பாப்போமே."

"போடு, நைஜல்," என்றார் வில்ஃப்.

படம் பளிச்சென்று இருந்தது. தன் வெள்ளி வர்ணம் இத்தனை அழகா என்று வில்ஃபே வாயைப் பிளந்தார். ஆணித்தலை ஒவ்வொன்றும் தெரிந்தது. "அடேயப்பா, நல்லாத்தான் கட்டியிருக்கேன்!" என்று சிரித்தார். கேக்கும் உள்ளே போனது.

தலைவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். வில்ஃப் கோப்பையைக் கீழே வைத்தார். விண்கலக் கதவு லேசாக ஆடியது, பிறகு தானாகவே நின்றது. விளிம்பில் ஒன்றுமில்லை. நைஜல் தரையைப் பார்த்தார்.

"தாழ்ப்பாள் இல்லாத கதவு அப்படி நிக்காது," என்று சொல்லிக்கொண்டே வில்ஃப் எழுந்தார். முழங்கால் இரண்டும் முனக, தொலைக்காட்சியின் பக்கவாட்டில் மண்டியிட்டு, கையைத் திரைமேல் நீட்டினார்.

"இன்னும் கீழே," என்றார் கிளெனிஸ். "இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான்."

நான்கு விரல்கள் கதவின் விளிம்பைப் பற்றிக்கொண்டன. தலைவர் பூமிக்கு விடைகொடுத்துப் பேசி முடிக்கும்வரை வில்ஃப் கையை எடுக்கவில்லை.