வரி குறைந்த வாரத்தில் போனவர்

"பாய் போயிட்டாரு, அக்கா" என்று ரேவதி போனில் சொன்னபோது நான் வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். யூசுப் பாய் ஏற்றுமதிக்காகத் தோல் ஷூ தைக்கும் சிறிய கம்பெனி நடத்தியவர். ரேவதி அங்கே தையல் மெஷினில் இருந்தாள்; நான் தரம் பார்த்தேன். மாரடைப்பு என்றார்கள். எனக்கு அந்தக் காரணம் போதவில்லை.

அடி அண்ணாமலையிலிருந்து நான் வேலை கேட்டுப் போன அன்று அவர் என் படிப்பைக் கேட்கவில்லை. ஒரு ஷூவைக் கொடுத்து, "இதுல என்னம்மா குறை?" என்றார். தெரியவில்லை என்றேன். "தெரியலன்னு சொல்றவங்கதான் வேணும். தெரிஞ்ச மாதிரி பேசுனா அனுப்புன மால் திரும்பி வந்துடும்" என்று வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

ரூபாய் மதிப்பு சரிந்தால் டிவியில் எல்லாரும் புலம்புவார்கள். எங்கள் கம்பெனிக்குச் சமோசா வரும். "டாலர் ஏறுனா நமக்கு ரூபா ஜாஸ்தி. பெட்ரோல் போடும்போது அழுதுக்கலாம், இப்ப சாப்பிடுங்க" என்பார்.

போன வருஷம் அமெரிக்கா நம் சரக்கின் மீது வரியை ஏற்றியது. ரூபாயும் சரிந்தது. சமோசா வரவில்லை. எங்களிடம் வாங்குகிற அமெரிக்கக் கம்பெனி வரியில் பாதியை எங்கள் தலையில் கட்டியது. ஷூவின் அடிப்பாகமும் பசையும் வெளிநாட்டிலிருந்து வருபவை. டாலர் ஏறியதில் அவற்றின் விலையும் கூடிவிட்டது. ஆட்களை நிறுத்த மனமில்லாமல் பாய் நஷ்டத்துக்கே தைத்தார். நாங்கள் அவரை நம்பினோம். அவர் அந்தக் கம்பெனியை நம்பினார்.

தைத்து முடித்த சரக்கை அவர்கள் வேண்டாம் என்றார்கள். வேறு நாட்டில் மலிவாகக் கிடைக்கிறதாம். ஷூவுக்குள்ளே அவர்கள் பெயர் இருப்பதால் இங்கே விற்கவும் கூடாது. வெட்டிப்போட்டு வீடியோ அனுப்ப வேண்டும். ரேவதி தன் மகனுக்கு ஒரு ஜோடி கேட்டாள். "கேட்டுப் பாத்தேம்மா, கூடாதுன்னுட்டாங்க" என்றார். எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவரே உட்கார்ந்து வெட்டினார்.

அதன்பின் கம்பெனியை மூடி மெஷின்களை விற்றார். எங்களில் சிலர் லாட்ஜில் அறை பெருக்குகிறோம், சிலர் பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் கடை போடுகிறோம். வழியில் எங்களைக் கண்டால் பாய் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோபமில்லை, வெட்கம். வெட்கப்பட வேண்டியவர்கள் நிமிர்ந்துதான் நடக்கிறார்கள்.

அடக்கம் நடந்த மறுநாள் அந்தக் கம்பெனியின் ஆர்டர்களைக் கொண்டுவரும் சென்னை ஏஜென்ட் என்னைப் போனில் அழைத்தார். "பாய் போன் எடுக்கலையே. வரியைக் கம்மி பண்ணிட்டாங்க, ஆர்டர் ரெடி. எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

செய்தியைச் சொன்னேன். "அடடா, நல்ல மனுஷன்" என்றவர் அதே மூச்சில் கேட்டார்: "அப்ப இனிமே யாருகிட்ட பேசணும்?"

போனை வைத்துவிட்டேன்.

பாய், ஆர்டர் வந்திருக்கிறது. தைக்க மெஷின் இல்லை, ஆளில்லை, நீங்களும் இல்லை. பழக்கதோஷத்தில் எழுந்து வந்துவிடாதீர்கள். நிம்மதியாகப் படுத்திருங்கள்.