கை தூக்கிய தெரு

ஆந்திராவில் நகரிப் பக்கம் எங்கள் தெரு. தார் ரோட்டுக்கு அந்தப்புறம் நகராட்சி, இந்தப்புறம் பஞ்சாயத்து. நகராட்சிக் குழாய் ரோட்டோடு நின்றுவிடும். என் மனைவி ரோட்டைத் தாண்டிப் போய், டவுன்காரர்கள் பிடித்து முடித்த பிறகு குடத்தை நிரப்பிக்கொண்டு வருவாள். தோள்பட்டை வலி வந்த பிறகும் அதே குடம்தான். தெருவே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால் டவுனில் சேர்த்துக்கொள்வார்கள், குழாய் வீட்டுக்கே வரும் என்றார்கள்.

கையெழுத்து வாங்கும் வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். எங்களுக்கு வீட்டுக்கு வீடு மிஷின் தறி. அது ஓடும்போது வாசலில் நின்று கத்தினாலும் உள்ளே கேட்காது. கரண்ட் போனால்தான் ஜனம் வெளியே வரும். அதனால் கரண்ட் போகும்போதெல்லாம் பேப்பரோடு ஓடினேன். வரி ஏறுமா, தறிக்கு லைசென்ஸ் கேட்பார்களா என்று ஒவ்வொரு கையெழுத்துக்கும் எனக்கே பயம். அந்தப் பயத்தோடுதான் அடுத்தவனுக்குத் தைரியம் சொன்னேன்.

விசாரணைக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். கரண்ட் நிறுத்தும் மத்தியானமாகப் பார்த்து நாங்களே நேரம் சொல்லியிருந்தோம். கோயில் முன்னால் தெருவே கூடியது. விருப்பமுள்ளவர்கள் கை தூக்குங்கள் என்று தெலுங்கில் கேட்டார். எல்லோரும் தூக்கினோம். அவர் எண்ணத் தொடங்கினார். கரண்ட் வந்துவிட்டது.

சுவிட்சை அணைக்காமல் வந்திருந்தால் தறி தானாக ஓடும். குறுக்கு நூலை இழுத்து ஓடும் நாடா இஷ்டத்துக்குப் பாய்ந்து பாவு நூலை அறுத்துவிடும். அணைத்தோமா, இல்லையா? ஒருவருக்கும் நினைவில்லை. தெருவே ஓடியது. முதலில் ஓடியவன் நான். வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே பாய்ந்தால், சுவிட்ச் சமர்த்தாக அணைந்திருந்தது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது ஜீப் போய்விட்டிருந்தது. கை போதவில்லை என்று எழுதிக்கொண்டாராம். வேண்டுமானால் புது மனு கொடுக்கலாமாம். என் மனைவி மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஜீப் கிளம்பும்வரை கையை இறக்கவில்லையாம், வலிக்கிற கையை.

“தறி நல்லா கீதா?” என்றாள்.

“கீது.”

“அப்ப சாயங்காலம் தண்ணிக்கு நீயே போ.”

போனேன். குழாயடியில் ஒரு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து எந்தத் தெரு என்று கேட்டார். ரோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் கையைக் காட்டினேன்.

“அப்டி ஓரமா நில்லு நைனா, எங்களுது ஆவட்டும்.”

நின்றேன்.